சாயம் கலந்த இனிப்பா? பில் போடும்போதே சொல்லிவிடுங்கள்

எங்கள் தெருவில் ஒரு அம்மா. மகனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்ததும், மிச்சமிருந்த ஜிலேபியை டப்பாவில் போட்டுக்கொண்டு மூன்று நாள் அலைந்தார். விரலில் ஒட்டிய ஆரஞ்சு நிறம் சோப்பு போட்டும் போகவில்லை. ஒரு நாள் நானும் கூடப் போனேன். முதல் அலுவலகத்தில் "இங்கே இல்லைம்மா" என்றார்கள். அடுத்த இடத்தில் சார் ஃபீல்டுக்குப் போயிருந்தார். மூன்றாவது இடத்தில் ஒரே கேள்வி: "வாங்கும்போதே கடைக்காரரிடம் சொன்னீர்களா?" சொல்லவில்லை. டப்பாவோடு திரும்பி வந்தோம்.

அந்தக் கேள்வி சட்டத்திலேயே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006, பிரிவு 40-ன்படி காசு கொடுத்து வாங்கிய யாரும் அந்தப் பண்டத்தை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஆனால் சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். இதை எந்த அலுவலகச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

அதனால் சந்தேகம் வந்தால் பழைய மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதே கடையில் புதிதாக வாங்குங்கள். கூட ஒருவரை அழைத்துப் போய், "இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்று அவர் காதிலும் விழும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். பில் கட்டாயம். பில் தரமாட்டேன் என்றால் அதையே புகாராக எழுதுங்கள்.

விண்ணப்பத்தில் "தரம் பார்க்கவும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "செயற்கைச் சாயம் உள்ளதா, எந்தச் சாயம், எவ்வளவு" என்று கேளுங்கள். அனுமதித்த சாயத்துக்கும் அளவு உண்டு. இனிப்புகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம். "பார்த்தாலே தெரியுது, ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே, அதில் இருந்த ரோடமின்-பி என்ற துணிச்சாயமும் ஆய்வகத்தில்தான் தெரிந்தது.

"நீங்கள் கொண்டுவந்த சாம்பிள் செல்லாது, கேஸ் போட முடியாது" என்பார்கள். அது தவறு. விதி மீறல் என்று தெரிந்தால் பகுப்பாய்வாளரே அறிக்கையை மாவட்ட நியமன அலுவலருக்கு (மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி) அனுப்ப வேண்டும் என்கிறது அதே பிரிவு 40. நீங்கள் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் பணத்தைக் கேட்டுப் போய் நிற்க முடியாது.

கட்டணம் கட்ட வசதியில்லையா? உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அவர் கடைக்குப் போய் மாதிரி எடுக்கலாம். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் போகும்போது "அப்படி யாரும் வரலையே" என்பார்கள்.

பாக்கெட் பண்டமென்றால் வேலை கொஞ்சம் சுலபம். செயற்கைச் சாயம் சேர்த்திருந்தால் லேபிளில் அதன் பெயரோ எண்ணோ இருக்க வேண்டும்: 102 டார்ட்ரஸின், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோசின், 124 பொன்சோ 4ஆர். டார்ட்ரஸின் சிலருக்கு உடம்பில் தடிப்பைக் கொண்டுவரும்; ஒரு முறை பட்டவர்கள் அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், டீத்தூள், பருப்பு இவற்றில் அனுமதித்த சாயத்தையும் சேர்க்கக்கூடாது. "பெர்மிட்டட் கலர்தான்" என்ற பதில் அங்கே எடுபடாது.

கெட்டியாக்கச் சேர்க்கும் 412, 415 போன்ற எண்களைப் பார்த்துப் பதறி அலைய வேண்டாம். 412 கொத்தவரை வகை விதையிலிருந்து எடுக்கும் பசை, 415 நொதிக்க வைத்து எடுப்பது. அந்த நேரத்தைச் சாயத்துக்குக் கொடுங்கள்.

லேபிளில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணைப் புகாரில் முதல் வரியிலேயே எழுதுங்கள். தடிப்பு வந்திருந்தால் டாக்டர் சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள், அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.