வெள்ளை பூத்த இறக்கை மேல் இன்னொரு கோட் அடிக்காதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் புதுச்சேரியில் எங்கள் பட்டறைக்கு ஒரே மாதிரி மாடல் விமானங்களாக வரும். உடைந்த இறக்கையை பால்சா என்ற லேசான மரம் வைத்து ஒட்டி, பட்டி போட்டு, தேய்த்து, பொறுமையாகச் சரி செய்திருப்பார்கள். அப்புறம் பெயிண்டில் கோட்டை விட்டிருப்பார்கள்.

இந்த வாரம் ஒரு கல்லூரி மாணவர் கொண்டு வந்த சிவப்பு இறக்கையும் அப்படித்தான். ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை. அவ்வளவு நல்ல வேலை. ஆனால் பெயிண்ட் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. மழை விட்ட கையோடு, சாயங்காலம் மொட்டை மாடியில் வைத்து, சட்டென்று காயும் லேக்கர் பெயிண்டை ஸ்ப்ரே அடித்திருக்கிறார். வெள்ளையாகத் தெரிந்ததும் மேலே ஒரு கோட். அதுவும் பூத்தது, இன்னொரு கோட். கடைசியில் விளிம்பில் வழிந்து கட்டியாக நின்றுவிட்டது. "பெயிண்ட் டூப்ளிகேட்டா அண்ணா?" என்று கேட்டார்.

பெயிண்டில் குறையே இல்லை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றில் இருக்கிற ஈரம் அதில் படியும். அதுதான் வெள்ளையாகப் பூக்கிறது. நம் ஊர் மழைக்காலக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

எனக்கு ஆற்றாமை இந்த "இன்னொரு கோட் அடித்தால் மறைந்துவிடும்" என்ற நினைப்பின் மீதுதான். மறையாது. ஈரம் உள்ளே மாட்டியிருந்தால், மேலே அடிக்கிற கோட் அதை மூடி வைக்கும், அவ்வளவுதான். பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளமாக இருந்தால், அடுத்த கோட்டும் அதே மேடுபள்ளத்தில்தான் உட்காரும். மீன்கண் மாதிரி வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகி நின்றால், கீழே எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது என்று அர்த்தம். மேலே எவ்வளவு அடித்தாலும் அதே இடத்தில் விலகும். கீழ்க் கோட் காயாமல் மேலே அடித்தால் தின்னர் வெளியே போக வழியில்லாமல் பல நாள் பிசுபிசுக்கும். இதற்கெல்லாம் மேலே எடை வேறு. வால் பக்கம் பெயிண்ட் ஏறினால் சி.ஜி., அதாவது விமானத்தின் எடை சமநிலையாக நிற்கும் புள்ளி, பின்னால் போய்விடும். அதைச் சரிக்கட்ட மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். பறக்கிற பொருளுக்கு இது தேவையா?

பூத்துவிட்டதா, கையை எடுத்துவிடுங்கள். காயட்டும். நல்ல வெயில் நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைப் பனி மாதிரி மெல்லியதாக ஒருமுறை தூவினால், பெரும்பாலும் பெயிண்ட் இளகி, ஈரம் வெளியேறி, நிறம் திரும்பும். இது லேக்கருக்கு மட்டும். எனாமல் மேல் தூவிவிட்டு என்னிடம் வராதீர்கள், சுருங்கிவிடும். லேக்கர் பெயிண்டையே அரைகுறையாகக் காய்ந்த எனாமல் மேல் அடித்தாலும் அதே சுருக்கம்தான். அதற்கு மருந்து கிடையாது; காய்ந்த பிறகு சுரண்டித் தேய்த்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்த கோட்டை எத்தனை மணி நேரத்துக்குள் அடிக்கலாம், எப்போது அடிக்கக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கும். தயவுசெய்து படியுங்கள்.

வழிந்துவிட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் 800 நம்பர் வாட்டர் பேப்பரைச் சின்ன மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டு, வழிந்த மேட்டை மட்டும் தேயுங்கள். பிறகு 1200. வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் பக்கத்தில் பள்ளம் விழும்.

எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் குளோ இன்ஜின் விமானம் என்றால் மூக்குப் பகுதி பால்சா ஆமணக்கெண்ணெய் குடித்திருக்கும். அதை எடுக்காமல் பிரைமர் அடிப்பது வீண். சிலிக்கான் கலந்த கார் டேஷ்போர்டு பாலிஷ் தொட்ட துணியை இந்த வேலைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டு வராதீர்கள். பெட்ரோலில் துடைப்பதும் வேண்டாம், அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப் போகும். தீ பயம் வேறு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சுத்தமான பருத்தித் துணியும் போதும். துடைத்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள்.

தெர்மாகோல் இறக்கையில் சாதாரண ஸ்ப்ரே அடித்தால் பெயிண்ட் நிற்காது, இறக்கையே கரையும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் பூசுங்கள்.

நேரம் முக்கியம். காலை வெயில் ஏறி, கடல்காற்று திரும்புவதற்கு முன்னால் அடியுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். எழுபது சதவீதத்தைத் தாண்டினால் நான் லேக்கரைத் தொடுவதில்லை. கேன் சில்லிட்டுப் போனால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்கலாம். அடுப்பில் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வெடிக்கும் பொருள்!

ஹார்டனர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டை மட்டும் வீட்டில் அடிக்கவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், தீராத ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். துணி மாஸ்க் இதைத் தடுக்காது. தகுந்த பாதுகாப்பு உள்ள பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

எங்களிடம் கொண்டு வருவதாக இருந்தால், அடித்த கேனையும் தின்னர் பாட்டிலையும் கூடவே எடுத்து வாருங்கள். எதன் மேல் எது இருக்கிறது என்று தெரியாமல் நான் எதையும் அடிக்க மாட்டேன்.