வீட்டைச் சோதனை போட போலீஸ் வந்தால்: வாரண்ட் எப்போது தேவை?

"வாரண்ட் இருக்கா?" என்று கேட்டால் போலீஸ் வாசலோடு திரும்பிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சினிமா பார்த்து வந்த நம்பிக்கை. இந்தியச் சட்டப்படி வாரண்ட் இல்லாமலும் வீட்டுக்குள் வர வழி இருக்கிறது. அப்படி வந்தால் காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலில் இருக்கிறது. இங்கே சொல்லும் பிரிவுகள் அதிலுள்ளவை.

முதலில் வாரண்ட். ஒரு ஆவணத்தையோ பொருளையோ கொண்டுவரச் சொல்லி சம்மன் அனுப்பினாலும் அந்த ஆள் தரமாட்டார் என்று நீதிமன்றம் நம்பக் காரணம் இருந்தால், சோதனை வாரண்ட் தரலாம். அது யார் கையில் இருக்கிறது என்றே தெரியாவிட்டாலும், பொதுவான சோதனை விசாரணைக்கு உதவும் என்று கருதினாலும் தரலாம். இது பிரிவு 96. வீட்டின் எந்தப் பகுதியைத் தேடலாம் என்று வாரண்டிலேயே வரையறுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி எழுதியிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. திருட்டுப் பொருள், கள்ளநோட்டு, போலி ஆவணம் போன்றவை பதுக்கப்பட்டதாகத் தகவல் வந்தால் பிரிவு 97. யாரையாவது சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தால் பிரிவு 100.

இனி வாரண்ட் இல்லாத சோதனை. பிரிவு 185-இன்படி, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ வழக்கை விசாரிக்கும் அதிகாரியோ, வாரண்டுக்காகக் காத்திருந்தால் தேவையற்ற தாமதமாகும் என்று நியாயமாக நம்பினால் நேரே வரலாம். ஆனால் எதைத் தேடுகிறார், ஏன் அது இங்கே இருக்கும் என்று நம்புகிறார் என்பதை, விசாரணைக் குறிப்பேடான கேஸ் டைரியில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். கைது செய்ய வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்று நம்பினால் நுழைவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது: 44. போதைப்பொருள் சட்டம் போன்றவற்றுக்குத் தனி விதிகள் வேறு.

சரி, வந்துவிட்டார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்வது வீண். யார், எதற்காக என்று சொல்லியும் திறக்காவிட்டால் உடைத்து நுழையச் சட்டமே அனுமதிக்கிறது. அதைவிட நடைமுறையைக் கவனியுங்கள். பிரிவு 103-இன்படி, பகுதியில் வசிக்கும் சுயேச்சையான, மரியாதைக்குரிய இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்கலாம். பெண்ணை உடல் சோதனை செய்வது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பிரிவு 105 புதிதாக வந்தது: சோதனையும், பட்டியல் போட்டுச் சாட்சிகள் கையெழுத்திடுவதும் வீடியோவாகப் பதிவாக வேண்டும், செல்போனில் எடுத்தாலும் போதும்.

எனக்குக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியம் மகஜர்தான், அதாவது எடுத்த பொருள்களைப் பட்டியலிட்டுச் சாட்சிகள் கையெழுத்திடும் ஆவணம். எடுத்த பொருள் ஒவ்வொன்றும், அது எங்கே கிடைத்தது என்பதும் அதில் வர வேண்டும். "செல்போன் 1" என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள். கறுப்பு நிறம், மூலையில் விரிசல், ஐஎம்இஐ எண், படுக்கையறை மேசை இழுப்பறை என்று எழுதச் சொல்லுங்கள். பட்டியலின் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு கசப்பான விஷயம். சோதனையில் சட்டமீறல் இருந்தது என்பதற்காக மட்டும் அதில் கிடைத்த ஆதாரம் தானாகத் தள்ளுபடி ஆகாது. பூரன் மல் வழக்கில் 1973-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆனாலும் வீடியோ இல்லை, உள்ளூர்ச் சாட்சி இல்லை, காரணம் எழுதப்படவில்லை என்பதெல்லாம் ஆதாரத்தின் நம்பகத்தன்மையைக் கேள்வி கேட்க உங்கள் வழக்கறிஞருக்குக் கைகொடுக்கும். வாரண்ட் இல்லாமல் சோதனை நடந்திருந்தால், அதற்கு எழுதப்பட்ட காரணத்தின் நகலைக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். கட்டணம் கிடையாது.