ஜாமோ: சொல்லும் பொருளும்

கொரிய எழுத்தைக் கணினியில் கையாளும் எவரும் சீக்கிரமே சந்திக்கும் சொல் ஜாமோ. சீன மூலம் கொண்டது. ‘ஜா’ என்றால் எழுத்து, ‘மோ’ என்றால் தாய். அரசர் செஜோங் 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துமுறையின் தனி மெய்களும் தனி உயிர்களும்தான் ஜாமோக்கள்.

தமிழில் இதற்கு ‘முதலெழுத்து’ அழகாகப் பொருந்துகிறது. உயிரும் மெய்யும் முதலெழுத்து, அவற்றால் ஆன உயிர்மெய் சார்பெழுத்து என்கிறது நன்னூல். தாய் என்ற பொருளும் அதில் வந்துவிடுகிறது.

சரி, ஜாமோக்கள் சேர்ந்து உருவாவதை எப்படிச் சொல்வது? உயிர்மெய் என்று சொல்லத் தோன்றும், ஆனால் பொருந்தாது. நம் உயிர்மெய் உயிரோடு முடிந்துவிடும். கொரியர்களோ ஹ், அ, ன் மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் அடுக்கி ‘ஹன்’ என்று எழுதுகிறார்கள். யாப்பில் குறிலும் ஒற்றும் சேர்ந்த இது நேரசை. ஆகவே ‘அசையெழுத்து’ என்பதே என் தேர்வு.

தொடக்கத்தில் வரும் மெய்கள் 19. நடுவில் வரும் உயிர்கள் 21. ஈற்றில் 27 வகை, ஈறே இல்லாத நிலையும் சேர்த்து 28. பெருக்கினால் 11,172 அசையெழுத்துகள். கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. இந்த எண்களை வகுத்த தென்கொரியாவின் 1987-ஆம் ஆண்டுத் தரம் இவற்றில் 2,350-க்குத்தான் நேரடி இடம் தந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத்தரமான யூனிகோடு, 1996-இல் வந்த தன் 2.0 பதிப்பில் அத்தனையையும் ஏற்றது. ஆனால் அதற்காகப் பழைய கொரிய எண்களை இடம் மாற்றியதால் முன்பு சேமித்த உரைகள் பாழாயின. அந்த அடிக்குப் பிறகுதான், ஒருமுறை தந்த எண்ணை மாற்றுவதில்லை என்று யூனிகோடு உறுதி பூண்டது.

புதிய வரிசையின் சிறப்பே அதன் கணக்குதான். தொடக்க மெய்யின் எண்ணை 21-ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்டுங்கள். வந்ததை 28-ஆல் பெருக்கி ஈற்றின் எண்ணைக் கூட்டுங்கள். அப்புறம் 44,032 சேர்த்தால் அசையெழுத்தின் குறியெண் கிடைத்துவிடும். எல்லா எண்ணிக்கையும் 0-இலிருந்து தொடங்கும். ‘ஹன்’னுக்கு 18, 0, 4, விடை 54,620. பட்டியல் எதுவும் வேண்டாம், திருப்பிக் கணக்கிட்டால் முதலெழுத்துகளும் பிரிந்து வந்துவிடும்.

ஜாமோக்களுக்கும் யூனிகோடில் தனி எண்கள் உண்டு. அதனால் அதே ‘ஹன்’னை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், மூன்றாகவும் சேமிக்கலாம். மேக் கணினியில் கொரிய மொழியில் பெயரிட்ட கோப்பு விண்டோஸுக்குப் போனதும், பிரித்துச் சேமித்த பெயர் முதலெழுத்துகளாகச் சிதறித் தெரிவது இதனால்தான்.