மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

போன மாதம் என்னிடம் வந்த 46 வயதுக்காரரின் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பதினான்கு மாதங்களாக வாங்கிய மருந்துகள் அதற்குள் கிடந்தன: லேகியம், களிம்பு, சூரணப் பொட்டலம், பஸ் நிலையச் சுவரொட்டியைப் பார்த்துத் தேடிப்போன இடத்தில் கொடுத்த மாத்திரை. துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் விடாமல் சமைத்துப் போட்டதாக அவர் மனைவி சொன்னார். "மூலம்தானே டாக்டர் ஐயா, உடம்புச் சூடு" என்றார். அந்தப் பதினான்கு மாதங்களில் ஒருவர்கூட அவரைப் படுக்கவைத்து, ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விரல் நுனியில் கட்டி தட்டியது. மலக்குடல் புற்றுநோய்.

இந்த ஆண்டு இப்படி வந்தவர்களில் அவர் ஏழாவது ஆள். காரைக்குடியில் 22 ஆண்டுகளாக அறுவை சிகிச்சை செய்கிறேன். இன்னும் எத்தனை மஞ்சள் பைகளைப் பார்க்க வேண்டும்?

மலத்தில் ரத்தம் என்றாலே மூலம் என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவை யார் எடுத்தது? பரிசோதித்த மருத்துவரா, பக்கத்து வீட்டுக்காரரா? மூலம் உள்ளவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. வெளியே மூலமும் ஒரு சாண் உள்ளே கட்டியும் சேர்ந்திருந்த நோயாளிகளுக்கு நான் அறுவை செய்திருக்கிறேன். சிவப்பாகப் போனால் மூலம், கறுப்பாகப் போனால்தான் ஆபத்து என்பதும் தவறு. மலக்குடலில் உள்ள கட்டியிலிருந்தும் பளிச்சென்ற சிவப்பு ரத்தம்தான் வரும். "வலியே இல்லையே டாக்டர்" என்கிறார்கள். தொடக்கத்தில் வலிக்காது. வலிக்கும்வரை காத்திருந்தவர்களைத்தான் நாங்கள் முற்றிய நிலையில் பார்க்கிறோம்.

பிறகு அந்தக் காரம். செட்டிநாட்டுச் சமையலில் மிளகாயும் மிளகும் கூடுதல், அதனால் சூடு, சூட்டால் ரத்தம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். காரத்தால் ஆசனவாய் எரியலாம். ஆனால் அது புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. குற்றம் சாட்ட வேண்டியவை வேறு: புகையிலை, மது, உடல் பருமன், அசையாத வாழ்க்கை, நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு, அளவுக்கு மீறிய ஆட்டு இறைச்சி, பதப்படுத்திய இறைச்சி. மிளகாயைக் குறைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பதால் நாட்கள்தான் வீணாகின்றன. "நாங்கள் சைவம், எங்களுக்கு வராது" என்பவர்களும் உண்டு. பிரிட்டனின் டெபோரா ஜேம்ஸ் சைவ உணவுக்காரர், ஓட்டப் பயிற்சி செய்தவர், பள்ளித் துணைத் தலைமை ஆசிரியை. 2016-இல் அவருக்கு 35 வயதில் குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் சென்ற ஆண்டு இங்கே ஒரு மருத்துவ முகாமுக்கு ஏற்பாடு செய்தபோது, அழைப்பிதழில் 'மலப் பரிசோதனை' என்ற சொல் வேண்டாம், பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நன்கொடையாளர் ஒருவர் எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். 'பொது மருத்துவ முகாம்' ஆயிற்று. சர்க்கரை பார்த்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

டெபோரா அந்தச் சொல்லைத்தான் ஊரறியச் சொன்னார். மலத்தைப் பாருங்கள், மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள் என்று வானொலியிலும் பத்திரிகையிலும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார். இனி சிகிச்சை இல்லை என்றான பின், 2022 மே மாதம் ஆராய்ச்சிக்காக நிதி கேட்டார். சில வாரங்களில் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஜூன் 28 அன்று, 40 வயதில் இறந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி நெறியாளர் கேட்டி கூரிக், 42 வயதுக் கணவரை 1998-இல் இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். 2000 மார்ச்சில் தனக்குச் செய்த கொலனோஸ்கோப்பியை, அதாவது ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனையை, நாடே பார்க்க ஒளிபரப்பச் செய்தார். அதன் பிறகு அந்தப் பரிசோதனை சுமார் 20 சதவீதம் கூடியதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். எந்த மருத்துவ மாநாடும் இதைச் சாதித்ததில்லை, மருத்துவனாகச் சொல்கிறேன். 1966 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்துக் கால்பந்துத் தலைவர் பாபி மூர் 1993-இல் 51 வயதில் இதே நோயால் இறந்தார். அவர் மனைவி அதே ஆண்டு அவர் பெயரில் தொடங்கிய நிதி இன்றும் குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது.

வெளிநாட்டுக்காரர்கள் செய்வார்கள், நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடாதீர்கள். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. இங்கிருந்து ஒரு மணிநேரத் தொலைவில் பிறந்த பெண்மணி அவர்.

அழகப்பச் செட்டியார் கல்விக்கு அள்ளிக் கொடுத்த ஊர் இது. கோயில் திருப்பணிக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் யோசிக்காமல் கொடுப்பவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்: அடுத்த முகாமின் அழைப்பிதழில் அந்தச் சொல் இருக்கட்டும். மேடையில் ஏறி, "நான் குடல் பரிசோதனை செய்துகொண்டேன்" என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள். அரசின் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் இருக்கின்றன, குடல் இல்லை. அதனால்தான் உங்கள் வாய் தேவைப்படுகிறது.

மற்றவர்களுக்கு: மலத்தில் ரத்தமோ சளியோ கண்டால், மூன்று வாரங்களுக்கு மேல் மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருந்தால், போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றினால், காரணமின்றி எடை குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். அவர் விரல் பரிசோதனை செய்யாமல் சீட்டு எழுதினால், "பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்று கேளுங்கள். வயதான ஆச்சிக்கு ரத்தசோகை என்று இரும்புச்சத்து டானிக்கை மாதக்கணக்கில் ஊற்றாதீர்கள். ரத்தம் எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அறிகுறியே இல்லாவிட்டாலும் 45 வயதானால் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, எது முந்தியதோ அப்போதே தொடங்க வேண்டும். கொலனோஸ்கோப்பிக்கு முன் பேதி மருந்து குடிக்க வேண்டியிருக்கும். ஆயாமார் விளக்கெண்ணெய் கொடுத்து வளர்த்த பிள்ளைகள்தானே நீங்கள், ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 46 வயதுக்காரருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியிருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய 51 வயது அண்ணனை வரவழைத்துப் பார்த்தேன். கொலனோஸ்கோப்பியில் இரண்டு சிறு பாலிப்புகள் இருந்தன, அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகள்; விட்டால் சில புற்றுநோயாக மாறலாம். அந்தப் பரிசோதனையின்போதே எடுத்துவிட்டோம். பரிசோதனை அறிக்கையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. "இதை யாரிடமும் சொல்ல வேண்டாமே டாக்டர்" என்றார். உங்கள் பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தேவகோட்டையில் இருக்கும் சித்தப்பா மகனுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.