ரெட்ரோ: முன்னா, பின்னா?

ரெட்ரோ: பெயரடை. போன ஒரு காலத்துப் பாணியை வேண்டுமென்றே திரும்ப எடுத்து அணிந்துகொண்டது எதுவோ, அது. அகராதி இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். திருகோணமலையில் இந்தச் சொல் உடுப்புக் கடையிலும் சலூனிலும் கேட்கும்தான். ஆனால் அதிகம் கேட்பது மத்திய வீதிப் பக்கம் கைத்தொலைபேசி திருத்தும் கடைகளிலும், பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில் குந்தியிருக்கும் பொடியன்களின் வாயிலும். அவர்களுக்கு ரெட்ரோ கேம் என்றால் மாரியோ, கொன்ரா, பக்-மான், டெட்ரிஸ். அந்த ஆட்டங்கள் வந்து இருபது வருடம் கழிந்த பிறகு பிறந்தவர்கள் இவர்கள்.

இவர்களுடைய தகப்பன்மார் இதே ஆட்டங்களை ‘ரீவி கேம்’ என்றார்கள். கைக்குள் அடங்குகிற டெட்ரிஸ் பெட்டி ‘பிறிக் கேம்’. பெட்டியில் செருகுகிற துண்டுக்குப் பெயர் ‘கசெற்’. உள்ளே நாடா ஏதும் கிடையாது, ஒரு பலகையும் சிப்பும்தான். பாட்டுக் கசெற்றின் பெயர் சும்மா வந்து ஒட்டிக்கொண்டது. அன்று ஒருவரும் ரெட்ரோ என்று சொன்னதில்லை. ஒரு பொருளுக்கு அந்தப் பெயர் கிடைக்க வேண்டுமானால் முதலில் அது பழசாகிக் கைவிடப்பட வேண்டும்; பிறகு யாராவது அதைத் தேடித் திரும்பி வர வேண்டும்.

எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. ரீவி, ரயர், பற்றரி, ரிக்கற் என்று எழுதிப் பழகிய நம்முடைய வழமைப்படி பார்த்தால் இது ‘றெற்றோ’ ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இணையத்தில் தமிழ்நாட்டு எழுத்தோடு வந்ததால் ‘ரெட்ரோ’ என்றே நின்றுவிட்டது. இங்கே அதையே எழுதுகிறேன்.

மூலம் இலத்தீன். அந்த மொழியில் ‘ரெட்ரோ’ ஒரு வினையடை. ‘பின்னால்’, ‘பின்புறமாக’ என்று பொருள். மாற்கு நற்செய்தியில் இயேசு பேதுருவைக் கடிந்துகொள்ளும் இடத்தை இலத்தீன் விவிலியம் ‘வாதே ரெட்ரோ’ என்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதே இடம் ‘எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே’. ஆக, ரெட்ரோ என்ற சொல்லுக்கு நேரான தமிழ் நம்முடைய தேவாலயங்களில் நெடுங்காலமாக வாசிக்கப்பட்டே வருகிறது: பின்னாக.

இடத்தைக் குறித்த சொல் காலத்தையும் பாணியையும் குறிக்கத் தொடங்கியது 1970களில், பிரான்ஸில். நாற்பதுகளின் உடுப்பு, தலையலங்காரம், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்துக் கதைகள் எல்லாம் திடீரென்று நாகரிகமாகத் திரும்பி வந்தபோது அதற்கு ‘ரெட்ரோ மோஸ்தர்’ என்று பெயரிட்டார்கள். பாராட்டு மட்டும் அல்ல, கொஞ்சம் நக்கலும் அதில் இருந்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து உலகத்துக்கும். விண்கலத்தின் வேகத்தைக் குறைக்க எதிர்த்திசையில் எரியும் ரெட்ரோ ரொக்கெற் இதற்கு முந்தியது. அது பழைய இலத்தீன் பொருளிலேயே நிற்கிறது.

இனித் தமிழ். இங்கேதான் சிக்கல்.

‘பின்னோக்கிய’ என்று நேராகப் பெயர்த்துவிடலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் காலத்தைச் சொல்லும்போது தமிழில் போனது முன், வருவது பின். முன்னோர் இறந்துபோனவர்கள், பின்னோர் இனி வரப்போகிறவர்கள். முன்னாள் அமைச்சர் பதவி போனவர். மார்கழியில் விடியற்காலை கோணேசர் கோயிலில் திருவெம்பாவை கேட்டவர்களுக்கு இது தெரிந்ததுதான். ‘முன்னைப் பழம்பொருட்கும் முன்னைப் பழம்பொருளே, பின்னைப் புதுமைக்கும் பேர்த்துமப் பெற்றியனே’ என்கிறார் மாணிக்கவாசகர். பழமை முன்னை, புதுமை பின்னை. ஆகவே ‘பின்னோக்கிய ஆட்டம்’ என்றால் நாளைக்கு வரப்போகிற ஆட்டம் என்றுகூட ஒருவர் விளங்கிக்கொள்ளலாம். (முன்னேற்றம், பின்னடைவு என்பவை நடக்கிற திசையைச் சொல்பவை, அந்த வழக்கு வேறு.) இயல்பான தமிழ் ‘திரும்பிப் பார்த்தல்’. முன்னா பின்னா என்ற தகராறு அதில் இல்லை.

சோதிடத்தில் கோள் பின்னோக்கிப் போவது போல் தெரிவதற்கு ஒரு சொல் உண்டு: வக்கிரம். சனி வக்கிரம், குரு வக்கிரம் என்று பஞ்சாங்கத்தில் இருக்கும். அதை எடுத்து ‘வக்கிர ஆட்டம்’ என்று பலகை போட்டால் பொலிஸ்தான் முதலில் வரும்.

மற்ற வேட்பாளர்கள்: ‘தொல்’ என்றால் தொல்பொருள், தொல்காப்பியம், 1985ஐச் சொல்ல அவ்வளவு கனமான சொல் தேவையில்லை. ‘மரபு விளையாட்டு’ என்ற பெயர் கிளித்தட்டுக்கும் கிட்டிப்புள்ளுக்கும் ஏற்கெனவே போய்விட்டது, அவைதான் அதற்கு உரியவை. ‘செவ்வியல்’ என்பது தரத்தைச் சொல்வது, வயதை அல்ல. ‘பழம்’ என்ற முன்னொட்டு அழகானது. பழந்தமிழ், பழங்கதை, பழம்பாடல் எல்லாம் மரியாதையோடு ஒலிப்பவை. ஆனால் ‘பழவிளையாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். தாயத்தில் காய் பழமானதுதான் நினைவுக்கு வரும்.

சரி, ‘பழைய ஆட்டம்’ என்றே சொன்னால் என்ன? சொல்லலாம். அந்தக் காலத்து ரீவி கேமுக்கு அது போதும். ஆனால் ரெட்ரோ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருட்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, உண்மையிலேயே பழைய ஆட்டம்: 1980இன் பக்-மான், 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். மற்றது, இன்றைக்குச் செய்யப்பட்டு அன்றைய உருவத்தில் இருக்கும் ஆட்டம்: 2014இல் வந்த ஷவல் நைட், 2016இல் எரிக் பரோன் தனியொருவராகச் செய்து முடித்த ஸ்டார்டியூ வலி, 2018இன் செலஸ்ட். பிரெஞ்சுக்காரர் வைத்த பொருளில் பார்த்தால் இரண்டாவதுதான் ரெட்ரோ. முதலாவது வெறும் பழசு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் ‘பழைய கேம் ஏன் இன்னும் பிடிக்கிறது’ என்ற கேள்விக்கு எல்லாரும் ‘பழைய ஞாபகம்’ என்று ஒரே பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஞாபகம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் உப்புவெளிப் பொடியனுக்கு எந்த ஞாபகம்? அவன் கசெற்றைக் கண்ணால் கண்டதில்லை. பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரை இறக்கித் தொலைபேசியில் மாரியோ விளையாடுகிறான், தோற்கிறான், திரும்பத் தொடங்குகிறான். செலஸ்டில் ஞாபகப்படுத்திக்கொள்ள ஒருவருக்குமே ஒன்றும் இல்லை. அது அன்று இருக்கவே இல்லை. ஆகவே பிடித்திருப்பது காலம் அல்ல, செய்முறை.

அந்தச் செய்முறையைப் பெற்றெடுத்தது பற்றாக்குறை. 1983இல் ஜப்பானில் வந்த நின்ரெண்டோ ஃபமிகொம் பெட்டியின் நினைவகம் 2 கிலோபைட். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு ஆட்டமும் 40 கிலோபைட். கல்யாண வீட்டில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு படம் இதைவிடப் பெரிது. அந்த இடத்துக்குள் அடக்குவதற்காக வானத்து மேகத்தையும் தரையிலுள்ள பற்றையையும் ஒரே உருவத்தால் வரைந்தார்கள், நிறம் மட்டும் வேறு. விளக்கம் எழுத இடமில்லை. அதனால் முதல் திரையே பாடம் நடத்தியது. மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் வெளியாக இருக்கிறது, ஆகவே வலப்பக்கம் போ. கேள்விக்குறி போட்ட பெட்டி தலைக்கு மேலே மினுங்குகிறது, ஆகவே குதித்து முட்டு. எதிரே ஒன்று நடந்து வருகிறது, தாண்டாவிட்டால் சாவாய். ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத நாலு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும், தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மாவுக்கும் விளங்கும். மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோவின் அந்த முதல் திரை, என் கணக்கில், அதற்குப் பிறகு வந்த எந்த ஆட்டத்தின் பயிற்சிப் பகுதியையும்விட மேல்.

இன்னொரு உதாரணம் இதைவிட விசித்திரமானது. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகளைச் சுடச் சுட மிஞ்சியவர்கள் வேகம் எடுப்பார்கள், நெஞ்சு படபடக்கும். அதை உருவாக்கிய தொமோஹிரோ நிஷிக்காடோ அப்படித் திட்டமிடவில்லை. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறையச் செயலியின் சுமை குறைந்தது, மீதியானவை தாமாக வேகமாக நகர்ந்தன. அவர் அதைத் திருத்தாமல் விட்டார். கடைசிக் கட்டம் கடினமாக இருக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு இப்படியும் ஒரு தொடக்கம் உண்டு.

இன்றைய பெரிய ஆட்டங்களைக் குறை சொல்வது சுலபம். நான் முழுக்கச் சொல்லமாட்டேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் குதிரையில் ஏறி ஒரு மலையைச் சுற்றி வருவது அழகுதான். ஆனால் கணினியில் அதற்கு 150 கிகாபைட் இடம் வேண்டும், அதாவது 37 லட்சம் மாரியோவுக்கு மேல். இங்கே டேட்டா காட் போட்டு அதை இறக்குகிறவன் ஆட்டத்துக்கு முன்னமே ஒரு சுற்று விளையாடி முடித்துவிடுவான். பிறகு கணக்குத் திறக்க வேண்டும், கடவுச்சொல், புதுப்பிப்பு, உள்ளே ஒரு கடை. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது இந்த ஆட்டங்கள் எல்லாம் சும்மா கிடந்தன. சின்னப் பற்றரி இரண்டு போட்ட பிறிக் கேம் ஓடியது.

மின்சாரம் இருந்தாலும் சில ஆட்டங்கள் இனி ஓடாது. ‘த குரூ’ என்ற கார் ஓட்டப் போட்டி ஆட்டம் 2014இல் வந்தது. தனியாக விளையாடவும் நிறுவனத்தின் வழங்கி, அதாவது இணையத்தில் ஓடும் அதன் கணினி, தேவை என்ற மாதிரிச் செய்யப்பட்டிருந்தது. 2024 மார்ச் 31இல் நிறுவனம் வழங்கியை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் தட்டு அன்றோடு வெறும் வட்டத் தகடு. மாரியோ கசெற்றை ஒருவரும் ஜப்பானில் இருந்து அணைக்க முடியாது. முழு ஆட்டமும் கையில் இருந்தது.

இதற்காகப் பழசெல்லாம் பொன் என்று நினைத்துவிடக் கூடாது. 1982இல் அட்டாரி வெளியிட்ட ஈ.ரீ. ஆட்டம் விற்காமல் குவிந்து, அடுத்த வருடம் வேறு பல கசெற்றுகளோடு சேர்த்து நியூ மெக்சிக்கோவில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. 2014இல் தோண்டி எடுத்தபோது கசெற்றுகள் சில நன்றாகவே இருந்தன. ஆட்டம்தான் நன்றாக இல்லை. நம்மூருக்கு வந்தவை அசல் நின்ரெண்டோவும் அல்ல, தாய்வானிலும் சீனாவிலும் செய்த நகல் பெட்டிகள். கசெற்றில் ‘9999’ என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது சில ஆட்டங்கள். அவையே வேறு வேறு கட்டத்தில் தொடங்கிப் பட்டியலை நிரப்பும். கெட்டதெல்லாம் மறக்கப்பட்டு நல்லது மட்டும் தங்குவதால் பழைய காலம் ஒளி வீசுகிறது. வீடியோ கேம் ஹிஸ்ரறி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் அப்போது விற்பனையில் இருக்கவில்லை. நல்லதும் அதற்குள் போயிருக்கிறது.

கசெற்றைப் பத்திரமாக வைத்திருந்தாலும் எல்லாம் திரும்பி வராது. தாராச் சுடும் ஆட்டத்தின் துவக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, தாரா இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். துவக்கின் குழாயில் உள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் தாரா விழும். பழைய குழாய் ரீவியில் இது கச்சிதமாக நடந்தது. தட்டை ரீவியில் படம் சற்றுப் பிந்தி வருவதால் துவக்குக்கு ஒன்றும் தெரியாது. துவக்குப் பழுது என்று நினைத்துத் திருத்தக் கொடுக்கிறவர்கள் காசை மிச்சம் பிடிக்கலாம். (சோதனைச் சாவடிக் காலத்தில் அந்தப் பிளாஸ்ரிக் துவக்கைப் பையில் போட்டுக்கொண்டு வீதியில் இறங்க இந்த ஊரில் ஒருவருக்கும் துணிவு வந்திருக்காது. அது வீட்டுக்குள்ளேயே இருந்தது.)

சொல்லுக்கு வருவோம். பழையதற்கு ‘பழைய ஆட்டம்’. புதிதாகச் செய்து பழைய உருவம் கொடுத்ததற்கு என் தெரிவு ‘மீள்பாணி ஆட்டம்’. மீள்பதிப்பு, மீள்பார்வை என்று அந்த முன்னொட்டு ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. திருகோணமலையில் அது இலேசான முன்னொட்டு அல்ல என்பதும் தெரியும். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். ‘மீள்குடியேற்றம்’ என்ற சொல்லை அவர்கள் எத்தனை படிவத்தில் நிரப்பியிருப்பார்கள். அதே முன்னொட்டை விளையாட்டுக்கு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டால், வைக்கலாம் என்பேன். மீளுதல் என்றால் அங்கும் இங்கும் ஒன்றுதான்: திரும்பி வருவது பழைய இடத்துக்கு, வருகிறவர் பழைய ஆள் அல்லர்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளியும். ‘கொன்ரா ஒரு பழைய ஆட்டம்.’ ‘ஷவல் நைட் ஒரு மீள்பாணி ஆட்டம்.’ ‘பக்-மானைப் புது மெருகோடு மறுபடி வெளியிட்டார்கள்’ என்றால் அது மீள்பதிப்பு, இரண்டிலும் சேராது. 2000இல் வந்த பிளேஸ்ரேஷன் 2ஐப் பொடியன்கள் இப்போது ரெட்ரோ என்கிறார்கள். தகப்பன்மார் ஒத்துக்கொள்வதில்லை. பழைய என்ற சொல்லுக்கு அந்தச் சண்டை இல்லை, பழசாகிய அன்றே அது பழசு.

பேச்சில் ரெட்ரோவே நிற்கட்டும், கடைப் பலகையிலும் நிற்கட்டும். எழுத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ‘ரெட்ரோ கேமர்’ என்பவரை ‘பழைய ஆட்டப் பிரியர்’ என்று எழுதலாம். முன்னை என்ற சொல் அழகாக இருக்கிறதே என்று ‘முன்னாள் ஆட்டக்காரர்’ என்று எழுதிவிடாதீர்கள். அது ஓய்வுபெற்ற கிரிக்கெட் வீரருக்கு உரியது.