காலேஜில் சேர்க்கலாமா, ஸ்டூடியோவில் விடலாமா?

போன வைகாசியில் திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கும் வேலை. என்னோடு இரண்டு தம்பிகள் வந்திருந்தார்கள். ஒருவர் காலேஜில் விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் டிகிரி முடித்தவர். இன்னொருவர் பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு உசிலம்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் நாலு வருடம் வேலை பார்த்தவர். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஸ்டூடியோ தம்பி பதறிப்போய் வந்து கேமராவை நீட்டினார். “அண்ணே, படம் பூரா கோடு கோடா விழுது. சென்சார் போச்சு போல.”

மணப்பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே கருப்புக் கருப்பாகப் பட்டைகள். விஸ்காம் தம்பி எட்டிப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிட்டார். மேடையில் இருந்தவை விலை குறைந்த எல்இடி விளக்குகள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில், வெளிச்சத்தைப் பதிவுசெய்யும் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் படிக்கும். விளக்கு மங்கிய நேரத்தில் படித்த வரிகள் இருட்டாகிவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி ஷட்டர் வேகத்தை 1/100 விநாடியில் வைத்ததும் பட்டைகள் காணாமல் போயின.

அப்புறம் கெட்டிமேளம். விஸ்காம் தம்பி மாப்பிள்ளைக்கு நேர் எதிரே நல்ல லென்ஸோடு, அழகாக ஃபிரேம் வைத்து நின்றார். தாலி கழுத்துக்குப் போன நொடியில் அட்சதை போட எழுந்த பெரியவர்கள் நாலு பேர் அவரை மறைத்துவிட்டார்கள். அவருக்குக் கிடைத்தது முதுகுகள். ஸ்டூடியோ தம்பி காலையிலேயே நாத்தனாரிடம் போய், “அக்கா, முடிச்சு போடும்போது கொஞ்சம் இந்தப் பக்கமா சாஞ்சுக்குங்க” என்று சொல்லி வைத்திருந்தார். மேடை ஓரத்தில் ஒரு சேரையும் போட்டு ஏறி நின்றிருந்தார். முடிச்சு விழுவதும், பெண்ணின் கண் கலங்கியதும், பின்னால் அவளுடைய அப்பா துண்டால் முகத்தைத் துடைத்ததும் ஒரே படத்தில் வந்தன. ஆல்பத்தின் முதல் பக்கம் அதுதான்.

மதுரையில் இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பெற்றோர்களிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும். “சார், பையன் போட்டோகிராபிதான் படிப்பேன்னு நிக்கிறான். படிச்சாத்தான் வருமா? இல்ல உங்ககூடவே விட்டுடவா?” லட்சங்களில் பணம் போகப்போகிறது, பிள்ளையின் மூன்று வருடமும் போகப்போகிறது. அதனால் இந்தக் கேள்விக்கு நான் ஒருவரியில் பதில் சொல்வதில்லை.

படிக்காமலே பெரிய ஆளானவர்களைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். புகைப்படக்காரர் ரகு ராய் படித்தது சிவில் இன்ஜினியரிங். 1984 போபால் விஷவாயுத் துயரத்தில் அவர் எடுத்த படங்களை உலகமே பார்த்தது. உண்மைதான். ஆனால் அவருடைய அண்ணன் எஸ். பால் ஏற்கெனவே தேர்ந்த புகைப்படக்காரர். இவரை இந்தப் பக்கம் கொண்டுவந்தவரே அவர்தான். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் படித்தவர். கேமராவை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், பின்னாளில் அவர் மணந்துகொண்ட மானெக்ஷா. நம் ஊரில் கே.வி. ஆனந்த் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். சினிமாவுக்கு வந்தபோது பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராக நின்றுதான் ஒளிப்பதிவு கற்றார். அந்த ஸ்ரீராம் தரமணி திரைப்படக் கல்லூரியில் படித்தவர். பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர்.

இந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது. எடுத்த படத்தைப் பார்த்து, எங்கே தப்பு என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கிறார். அவர் அண்ணனாக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், வேலை கொடுத்தவராகவும் இருக்கலாம். ஆகவே போன் செய்கிற பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் பிள்ளையின் படத்தை யார் பார்த்துத் திருத்தப்போகிறார்?

எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டூடியோ முதலாளி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை அடைத்ததும் அந்த வாரத்துப் பிரிண்ட்களை மேசையில் பரப்புவார். சிவப்பு பென்சிலால் சுழிப்பார். “இந்தம்மா தலைக்குப் பின்னாடி டியூப்லைட் கொம்பு மாதிரி நிக்குது, எடுக்கும்போது உன் கண்ணு எங்க இருந்துச்சு?” ஃபிரேமின் நாலு மூலையையும் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும் என்பது அந்த ஞாயிறுகளில் கையில் ஊறியது.

ஆனால் அவரால் கற்றுத்தர முடியாததும் இருந்தது. 2009-ல் ஒரு பாத்திரக்கடை கேட்லாக் வேலை வந்தது. வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்றை நாள் முழுக்க எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் விளக்கின் வயிற்றில் நானும் என் டிரைபாடும் தெரிந்தோம். மீதிப் பக்கம் கரியாக இருந்தது. வெளிச்சத்தை இன்னும் கூட்டினால் சரியாகும் என்று நினைத்து பிளாஷை ஏற்றிக்கொண்டே போனேன். அந்த வேலை கைவிட்டுப் போனது. அடுத்த வருடம் ஒரு வாரப் பயிற்சிக்குப் போனபோது முதல் நாள் மத்தியானமே வாத்தியார் சொன்னார்: “வெள்ளிக்கு லைட் போடாதீங்க. வெள்ளி எதைப் பார்க்குதோ அதுக்கு லைட் போடுங்க.” பளபளக்கும் உலோகம் ஒரு கண்ணாடி. எதிரே இருப்பதைத்தான் திருப்பிக் காட்டும். பொருளைச் சுற்றி வெள்ளைத் தாளில் கூடாரம் மாதிரி கட்டி, அந்தத் தாளின் மேல் வெளிச்சம் அடித்தால் விளக்கு முழுக்க மெழுகு பூசியது போல வெள்ளியின் நிறம் வந்துவிடுகிறது. லென்ஸுக்கு மட்டும் ஒரு ஓட்டை. அதை நானாகக் கண்டுபிடிக்க எத்தனை வருடம் ஆகியிருக்குமோ!

எந்தப் போட்டோகிராபிக்குப் போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. விளம்பரம், நகை, உணவு, கட்டடம் என்று போகிறவருக்கு வெளிச்சத்தை அடிப்படையிலிருந்து படித்திருப்பது பெரிய பலம். ஊட்டி லவ்டேலில் 2001-ல் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமி, ஹைதராபாத்தில் உள்ள ஜேஎன்ஏஎஃப்ஏயு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தின் போட்டோகிராபி பிஎஃப்ஏ (நுண்கலை இளங்கலை), தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் போட்டோகிராபி டிசைன் முதுகலை என்று இதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. அரசுத் துறைப் புகைப்படக்காரர் வேலைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் பெரும்பாலும் சான்றிதழ் கேட்பார்கள். அங்கே திறமை மட்டும் போதாது. ட்ரோன் விஷயத்தில் சட்டமே படிக்கச் சொல்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட, அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி முடித்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு மேலே சான்றிதழ் இல்லாமல் பறக்கவிடும் தம்பிகள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஸ்டூடியோவில் நின்று கற்பதே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரி ரிசப்ஷன் முடித்து இரண்டு மணிக்கு வேனில் ஊர் திரும்பும் வேலைக்கு, பதினெட்டு வயது மகளை எத்தனை வீடுகளில் அனுப்புவார்கள்? காலேஜ் என்றால் அனுப்புகிறார்கள். என்னிடம் வேலை பார்த்த பெண்கள் எல்லோருமே ஏதாவது ஒரு டிகிரி வழியாகத்தான் கேமராவைக் கையில் எடுத்தவர்கள். அவர்களுக்கு அந்த டிகிரிதான் வீட்டுக் கதவைத் திறந்தது.

ஸ்டூடியோ என்றாலே குருகுலம் என்றும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு வருடம் டிரைபாட் தூக்கவைத்து, டீ வாங்கவைத்து, சம்பளமும் தராத இடங்கள் இருக்கின்றன. ஆறு மாதத்தில் கேமராவைக் கையில் கொடுக்காத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

காலேஜோ குறுகிய காலப் பயிற்சியோ, பணம் கட்டும் முன்பு ஒரு நாள் நேரில் போய் வாருங்கள். சுவரில் வாத்தியார் எடுத்த படங்கள் மாட்டியிருக்கும், அதை விடுங்கள். இரண்டாம் வருட மாணவர்கள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர்களின் படத்தை வைத்துப் பேசுகிறார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஸ்டூடியோ விளக்குகளை மாணவர் தன் கையால் தொட விடுவார்களா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் கடன் வாங்கி ஒரு மூன்று மாதக் கோர்ஸில் சேர்ந்தான். ஒரு ஹாலில் அறுபது பேர். ப்ரொஜெக்டரில் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்று கேமராவின் அடிப்படை செட்டிங்குகளைப் படம் காட்டி முடித்துவிட்டார்கள். அவன் எடுத்த ஒரு படத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. அது யூடியூபில் இலவசமாகக் கிடைப்பது. அந்தப் பணத்துக்கு நல்ல செகண்ட்ஹேண்ட் கேமரா ஒன்றும் 50 எம்எம் லென்ஸ் ஒன்றும் வாங்கியிருக்கலாம். நூறு சதவீத வேலை உறுதி என்று எழுதியிருந்தால் இன்னும் யோசியுங்கள். இந்தத் தொழிலில் பெரும்பாலோர் தனியாகத்தான் பிழைக்கிறோம்.

தொழில் நடத்துவதைச் சொல்லித்தருகிறார்களா என்றும் கேளுங்கள். கொட்டேஷன், அட்வான்ஸ், இரண்டு ஹார்டு டிஸ்கில் பேக்கப், ஒப்பந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. இது தெரியாமல் கிளையன்ட் படத்தைத் தங்கள் விளம்பரத்துக்குப் போட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் போதும்.

போன வாரம் மேலூரிலிருந்து ஒரு அப்பா பேசினார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், போனில்தான் படம் எடுக்கிறாளாம். அட்மிஷனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவளுக்குப் பிடித்த இருபது படங்களைத் தபால் அட்டை அளவில் பிரிண்ட் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். விஸ்காம் தம்பியும் ஸ்டூடியோ தம்பியும் இருப்பார்கள். சிவப்பு பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.