16 அடி போட்டுக்கு 4 டவுன்றிகர் எதுக்கு?

இந்த சம்மர்ல இப்பிடி என்னட்டைத் திருத்த வந்த மூண்டாவது போட் இது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ட்ரெயிலர்ல இழுத்துக்கொண்டு வந்தவை, 16 அடி அலுமினியம் போட், பின்பக்கம் முழுக்க டவுன்றிகர், அதுதான் தூண்டில் லைனை ஆழத்துக்குக் கொண்டுபோக கேபிள்ல பாரக் குண்டு கட்டி இறக்கிற சுருள். ப்ரொப்பெல்லர்ல கேபிள் சுத்தி, தண்ணி போகாமல் தடுக்கிற றப்பர் 'சீல்' வெட்டுப்பட்டு, கியருக்க தண்ணி போய் ஒயில் பால் மாதிரி வெள்ளையாக் கிடக்கு. அது பரவாயில்லை, திருத்தலாம், என்ர வேலையே அதுதான். ஆனா போட்டுக்கார அண்ணை சிரிச்சுக்கொண்டு "கொஞ்சம் தண்ணி உள்ளுக்க வந்திட்டுது தம்பி, வாளியால அள்ளி ஊத்திப்போட்டு வந்தனாங்கள்" எண்டார் பாருங்கோ, எனக்கு அந்த இடத்தில பத்திக்கொண்டு வந்திட்டுது.

என்ன நடந்ததெண்டா, ரொறன்ரோவில ஒன்ராறியோ லேக் கரையில இருக்கிற ஸ்காபரோ ப்ளஃப்ஸுக்கு வெளியில மேற்குக் காத்தில அலையோட அலையா கிழக்கால ட்ரோல் பண்ணிக்கொண்டு (லைனை இழுத்தபடி மெதுவா ஓடிக்கொண்டு) போயிருக்கினம், ஒரு குண்டு அடியில கொழுவிட்டுது, ப்ரேக் இறுக்கிக் கிடந்ததால கேபிள் ஓடேல்ல, போட் பின்னால இழுபட்டு நிக்க அலை ட்ரான்ஸத்துக்கு (மோட்டர் பூட்டிற பின்பலகைக்கு) மேலால உள்ளுக்க. பயத்தில றிவேர்ஸ் போட்டிருக்கினம். பக்கத்துக் கேபிள் நேர ப்ரொப்பெல்லருக்க.

நாலு டவுன்றிகர் வேண்டாம் எண்டு நான் சொல்ல வெளிக்கிட்டா எல்லாரும் சொல்லுற ஒரு கதை இருக்கு. "ஒரு குண்டு 10 றாத்தல்தானே, நாலும் சேந்தா 40, ஒரு சின்னப் பொடியன்ர பாரம்." ஐயோ, குண்டின்ர பாரத்தை ஆர் கேட்டது? குண்டு சும்மா தொங்கிக்கொண்டிருக்கேக்க ஒரு கரைச்சலும் இல்லை. கொழுவினாப் பிறகு உங்களை இழுக்கிறது குண்டில்லை, கேபிள். சாதாரண கேபிள் 150 றாத்தல் தாங்கும். ப்ரேக்கை இறுக்கி வச்சா அது அறுகிற வரைக்கும் அவ்வளவு பாரத்தாலயும் போட்டின்ர பின்பக்கத்தைக் கீழ இழுக்கும். ஒரு பெரிய ஆம்பிளை திடீரெண்டு வந்து ட்ரான்ஸத்துக்கு மேல குந்தினமாதிரி, ஆனா எழும்பெண்டா எழும்பமாட்டார். அதில ஏற்கெனவே மோட்டர், பெற்றோல் டாங்க், பற்றறி, ரெண்டு பேர், நாலு டவுன்றிகர். நங்கூரத்தை எல்லாரும் அணியத்தில, முன்பக்கத்தில, கட்டிறது வடிவுக்கெண்டா நினைக்கிறியள்? பின்னால கட்டினா தாழும் எண்டு தெரிஞ்சுதான். கொழுவின குண்டும் பின்னால கட்டின நங்கூரமும் ஒண்டுதான், நாலு குண்டு விட்டா நாலு நங்கூரம். போட்டில ஒட்டியிருக்கிற கொம்ப்ளையன்ஸ் நோட்டீஸை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, அதில இருக்கிற மொத்தப் பாரத்துக்குள்ள மோட்டரும் சாமானும் அடக்கம்.

நாலு போட்டாத்தான் மீன் கூடப் பிடிக்கும் எண்டதும் சரியில்லை. சின்னப் போட்டில கேபிளுகள் ஒண்டுக்கொண்டு கிட்ட, திரும்பேக்க உள்பக்கக் குண்டு தாழும், வெளிப்பக்கம் எழும்பும், தெர்மோக்ளைனுக்கு (மேல்ச் சூட்டுத் தண்ணியும் கீழ்க் குளிர் தண்ணியும் பிரியிற மட்டத்துக்கு) கீழ தண்ணி வேற பக்கமா ஓடினா குண்டு எங்க நிக்குதெண்டே தெரியாது. 25 றாத்தல் கிங் சமன் மீன் ஒண்டு அடிச்சுக் குறுக்கால ஓடினா மீதி நேரம் சிக்கெடுக்கிறதுதான். ஒன்ராறியோ லேக்கில போட்டில இருந்து ஆளுக்கு ரெண்டு லைன் போடலாம். ரெண்டு பேரெண்டா, ரெண்டை டவுன்றிகர்ல விடுங்கோ, மற்ற ரெண்டையும் டிப்ஸி டைவர்ல (லைனிலயே கட்டி அதைக் கீழயும் பக்கத்தாலயும் இழுத்துக்கொண்டு போற தட்டு) ரெண்டு பக்கத்தாலயும் விரிச்சு விடுங்கோ. கேபிளும் இல்லை, குண்டும் இல்லை.

ப்ரேக்கை இளக்கி வையுங்கோ, குண்டு கொழுவினா கேபிள் தானா ஓடவேணும். குண்டுக்கும் கேபிளுக்கும் நடுவில மெல்லிய மோனோ (நைலோன் தூண்டில் நூல்) ஒரு துண்டு கட்டினா, அது அறுந்து நட்டம் குண்டோட போயிடும், போகட்டும். கேபிள் வெட்டிற குறடு கைக்கெட்டிற இடத்தில, பெட்டிக்குள்ள இல்லை! கொழுவினா நியூட்ரல், ப்ரேக்கைத் திறந்து கேபிளை விடுங்கோ, மற்றக் குண்டை ஏத்துங்கோ, பிறகு அணியத்தை அலைக்குக் காட்டி மெதுவாச் சுத்திப்போய் எதிர்ப்பக்கத்தால இழுத்துப் பாருங்கோ. வராட்டி வெட்டுங்கோ, முகத்தை விலத்தி வச்சு. றிவேர்ஸ் மட்டும் போடாதேங்கோ. கேபிளைக் கையில சுத்திப் பிடிக்கிற ஆக்களும் இருக்கினம், அவைக்கு என்னத்தைச் சொல்ல.

எலெக்ட்ரிக் டவுன்றிகரை ஸ்டார்ட் பண்ணிற பற்றறியில கொழுவாதேங்கோ. மத்தியானம் எஞ்சின் ஸ்டார்ட் வராது, எனக்குத்தான் போன் வரும்.

லைஃப் ஜாக்கெட். போட்டில இருக்கு, தெரியும், சீட்டுக்குக் கீழ ப்ளாஸ்டிக் உறையும் கழட்டாமல். தயவுசெய்து போடுங்கோ. ஓகஸ்ட்தானே, தண்ணி சூடு எண்டு நினைக்காதேங்கோ, ரெண்டு நாள் மேற்குக் காத்து விடாமல் அடிச்சா இந்த வடக்குக் கரையில மேல்தண்ணி வெளியால போய் அடித்தண்ணி மேல வரும், 10 பாகைக்குக் கீழயும் போகும். மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லுற 1-10-1 கணக்கு இருக்கு, குளிர் தண்ணிக்குள்ள விழுந்தா: மூச்சு நிதானத்துக்கு வர 1 நிமிசம், கைகால் சொல்வழி கேக்கிறது 10 நிமிசம், நினைவு தப்ப 1 மணித்தியாலம். அந்த முதல் நிமிசத்தில ஜாக்கெட்டைத் தேடிப் போட ஏலுமோ? வீட்டில பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதுகள்.

அண்ணைக்குக் கடைசியில ரெண்டைக் கழட்டி விட்டனான். உங்கட போட்டிலயும் நாலு இருந்தாக் கொண்டாங்கோ, கழட்டிறதுக்குக் காசு எடுக்கமாட்டன், ஓட்டை அடைக்கிற மரீன் சீலன்டுக்கு மட்டும் தாங்கோ. பாத்றூம் சிலிக்கோனால நீங்களே அடைச்சுக்கொண்டு வந்தா ரெண்டு மடங்கு எடுப்பன்.